சென்னையில் சொந்தமாக லாரி ஓட்ட பெர்மிட் மட்டும் இருந்தால் போதுமா?

போதாது. பெர்மிட் வண்டிக்குக் கொடுப்பது. தொழில் நடத்துகிற ஆளைப் பதிவு செய்யச் சொல்லும் சட்டம் தனியாக இருக்கிறது. அதைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை என்பதால்தான் இந்தப் பதில்.

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால், பழைய பத்துச் சக்கர லாரி ஒன்றை வாங்கி, மாதவரம் பக்கம் ஒரு புக்கிங் ஆபீஸும் போட்டு, ஆந்திரா, கர்நாடகா நடை அடிக்கிற யோசனையில் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். குட்டி யானை போல மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டி என்றால் பெர்மிட்டே தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவே விலக்கு தருகிறது. எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), இன்சூரன்ஸ், வரி அதற்கும் உண்டு.

பெரிய வண்டிக்கு நேஷனல் பெர்மிட் எடுப்பீர்கள். பெர்மிட் 5 ஆண்டுக்குச் செல்லும். ஆனால் வெளி மாநிலங்களுக்கான அனுமதியை ஆண்டுதோறும் 16,500 ரூபாய் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். பெர்மிட்டில் உள்ள தேதியை மட்டும் பார்த்துவிட்டு இதை மறந்து செக்போஸ்ட்டில் மாட்டுகிறவர்கள் ஏராளம். நம் ஊர் காலாண்டு வரி தனி, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, நேஷனல் பெர்மிட் இருக்கிறதே என்று நெல்லூரில் ஏற்றி விஜயவாடாவில் இறக்க முடியாது. வேறொரு மாநிலத்துக்குள்ளேயே இரு ஊர்களுக்கு இடையில் லோடு அடிப்பது விதிப்படி தப்பு.

பழைய வண்டியில்தான் பெரிய சிக்கல். முதலில் வயதைப் பாருங்கள். இரண்டு அச்சு வண்டி 12 வயதையும், பல அச்சு வண்டி 15 வயதையும் தாண்டிவிட்டால் நேஷனல் பெர்மிட் கிடைக்காது. வண்டி மேல் ஃபைனான்ஸ் இருந்தால், கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35-இல் கடன் கொடுத்தவர் கையெழுத்து வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் தப்பு. ஆர்.சி. (பதிவுச் சான்று) உங்கள் பெயருக்கு வந்தால் பெர்மிட்டும் தானாகக் கூடவே வந்துவிடாது. பெர்மிட் வழங்கிய அதிகாரியின் அனுமதியோடு அதைத் தனியாக மாற்ற வேண்டும் (82-ஆம் பிரிவு). செல்லத்தக்க பெர்மிட் இல்லாமல் ஓடியதாக முடிவானால் 10,000 ரூபாய் அபராதம். 6 மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. விபத்து என்றால் நிலைமை இன்னும் மோசம். பெர்மிட் இல்லாத வண்டி என்றால், இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஒரே ஒரு விபத்தில் வண்டியின் விலையைவிட அதிகமாகக் கட்ட நேரும்.

எஃப்.சி. முதல் 8 ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறை. வண்டியைக் காட்டுவதற்கு முன் பிரேக், ஸ்டியரிங், விளக்குகள், பின்பக்கத் தடுப்புக் கம்பி, ஒளிரும் ஸ்டிக்கர் (முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள்) எல்லாம் சரியா என்று ஒர்க்‌ஷாப்பில் பார்த்துவிடுங்கள். எஃப்.சி. முடிந்த வண்டிக்குச் சட்டப்படி பதிவே இல்லாதது போலத்தான்.

ஓவர்லோடு. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து காலி வண்டி எடையைக் கழித்தால் வருவதுதான் உங்கள் லோடு. புரோக்கர் சொல்கிற கணக்கு வேறு, அதைக் காதில் வாங்காதீர்கள். 2018 ஜூலையில் அச்சு எடை வரம்பை உயர்த்தினார்கள்: முன் அச்சுக்கு 7 டன், நான்கு டயர் ஒற்றை அச்சுக்கு 11.5, இரட்டை அச்சுக்கு 21. அதைக் காட்டி, பழைய ஆர்.சி.யில் குறைந்த எடை எழுதியிருக்கும்போதே கூடுதலாக ஏற்றாதீர்கள். மொத்த எடை சரியாக இருந்தும், சரக்கெல்லாம் பின்னால் குவிந்து ஒரு அச்சு மட்டும் மீறினாலும் வழக்குதான். அபராதம் 20,000 ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. மூன்று டன் மீறினால் 26,000. அதிகப்படிச் சரக்கை இறக்கும் கூலியும் உங்கள் தலையில். இறக்காமல் வண்டி நகராது. எடைபோட நிறுத்தாமல் போனால் 40,000.

இதில் எனக்குத் தீராத ஆத்திரம் உண்டு. 194-ஆம் பிரிவு ஓட்டுகிறவரை மட்டுமல்ல, ‘ஓட்டச் செய்பவரையும்’ சேர்த்தே சொல்கிறது. ஆனாலும் இரண்டு டன் கூட ஏற்றினால்தான் லோடு தருவேன் என்று மிரட்டும் குடோன்காரர் மேல் வழக்கு விழுவது அபூர்வம். டிரைவரும் ஒற்றை லாரிக்காரரும்தான் மாட்டுகிறார்கள். நான் ஓவர்லோடுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஏற்றச் சொன்னவரையும் பிடியுங்கள் என்கிறேன். எண்ணூர், மணலி சாலைகளில் கன்டெய்னர் வரிசையில் மணிக்கணக்காக நிற்கும் டிரைவருக்கு ஒரு கழிப்பறை இல்லை, அவரிடம் மட்டும் எல்லாப் பேப்பரும் சரியாக இருக்க வேண்டுமாம்.

இனி ஆபீஸ் விஷயம். அடுத்தவர் சரக்கை புக்கிங் எடுத்து அனுப்புகிற யாரும், சொந்த லாரி இல்லாத புரோக்கர் உட்பட, சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007-இன்படி பதிவு செய்ய வேண்டும். 1865-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது; 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. போக்குவரத்து ஆணையம்தான் பதிவு தரும், 10 ஆண்டுக்குச் செல்லும். ‘மண்ணடியிலும் வால்டாக்ஸ் ரோட்டிலும் பாதிப் பேரிடம் இது கிடையாது, எதற்கு வீண் செலவு’ என்று இங்கேயே யாராவது கமென்ட் போடுவார்கள். முதல் முறை பிடிபட்டால் அபராதம் 5,000 வரைதான் என்பது உண்மை. ஆனால் சரக்கு தொலைந்தால் உங்களைக் காப்பாற்றுவதும் இதே சட்டம். அனுப்புகிறவர் மதிப்பைக் கூட்டி எழுதிக் கூடுதல் கட்டணம் கட்டாதவரை, உங்கள் பொறுப்பு வாடகையைப் போல 10 மடங்கோடு நிற்கும். அவர் புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் நோட்டீஸ் தராவிட்டால் வழக்கும் போட முடியாது. ஆகவே எல்.ஆர். (சரக்கை ஏற்றதற்கான லாரி ரசீது) போடும்போது சரக்கின் மதிப்பை அனுப்புகிறவர் கையாலேயே எழுதவைத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

பெர்மிட்டை மறுத்தாலோ, ரத்து செய்தாலோ, காரணத்தோடு உத்தரவை எழுத்தில் கேளுங்கள். மாநிலப் போக்குவரத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக அந்தத் தாள் கையில் வேண்டும்.