அம்மா சம்பளமில்லாமல் சமுதாய வானொலியில் நாட்டுப்புறப் பாட்டு நிகழ்ச்சி நடத்துகிறார். யூடியூபில் எல்லாம் கிடைக்கும்போது இது தேவையா? நிறுத்தச் சொல்லலாமா?

நிறுத்தச் சொல்லாதீர்கள். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, இருட்டினால் பஸ் இல்லை என்றால் அது வேறு பேச்சு. யூடியூபில் இருக்கிறதே என்பது மட்டும்தான் காரணம் என்றால் வேண்டாம்.

நீங்கள் வெளியூரில் வேலை பார்ப்பவர் என்று நினைக்கிறேன். சாயங்காலம் போன் பண்ணினால் அம்மா எடுப்பதில்லை, அப்புறம் கேட்டால் ஸ்டேஷனில் இருந்தேன் என்கிறார். அங்கேதான் கடுப்பு ஆரம்பித்திருக்கும். என் மகனும் இதே கேள்வியைத்தான் கேட்கிறான், உங்கள் அளவுக்கு மரியாதையாகக் கேட்பதில்லை. அதனால் அவனுக்குச் சொல்ல நினைத்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டெல்டா பக்கம் ஒரு சமுதாய வானொலியில் நாட்டுப்புறப் பாட்டு நிகழ்ச்சி நடத்துகிறேன். பிழைப்பு தையல். ஸ்டேஷன் பெயரைச் சொல்லப் போவதில்லை, இங்கே எழுதுவதற்கு நான் யாரிடமும் கேட்கவில்லை.

சமுதாய வானொலி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்னது. இந்தியாவின் முதல் சமுதாய வானொலி 2004-ல் நம் சென்னையில், அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் வந்தது. 2006-க்குப் பிறகு தொண்டு நிறுவனங்களும் தொடங்கலாம் என்றானது. நாகப்பட்டினம் பக்கம் விழுந்தமாவடியில் களஞ்சியம், பாம்பனில் மீனவர்களுக்காகக் கடல் ஓசை என்று கடலோரம் வரை வந்துவிட்டது. ஒலிபரப்புச் சக்தி பொதுவாக 100 வாட்டுக்குள்தான். சமவெளியில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எட்டினால் பெரிது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரிலேயே தயாரானதாக இருக்க வேண்டும். சொந்தமாகச் செய்தி வாசிக்கக்கூடாது, ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான்.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தானா என்று என் மகன் சிரிப்பான். எனக்கு அந்தத் தூரம்தான் வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

கொஞ்ச நாள் முன்னால் ஒரு தாலாட்டு போட்டோம். குழந்தை ஏன் அழுகிறது, அடித்தது யார் என்று கேட்கிற இடம் தாலாட்டில் வரும், உங்கள் அம்மாவைக் கேட்டால் உடனே பாடிக் காட்டுவார். மாமன் அடித்தாரா என்றால் மல்லிகைப்பூச் செண்டால் அடித்தார். அத்தை அடித்தாளா என்றால், எங்களுக்குப் பாடிக் கொடுத்த அம்மா சொன்னபடி, அமுதூட்டும் கையால் அடித்தாள். பாட்டு முடிவதற்குள் போன் வந்துவிட்டது.

"யாரும்மா பாடுனது? அத்தைக்கு அரளிப்பூச் செண்டுல்ல வரணும்?"

ரெண்டு மாதிரியும் பாடுவாங்கம்மா என்றேன்.

"எவ பாடுவா? பாடுறது புள்ளையப் பெத்தவ. அத்தைங்கிறது அவளுக்கு நாத்தனார். நாத்தனார் கையில அமுதா வடியும்?"

இதை நான் யோசித்ததே இல்லை. பூவை மோனைக்காகப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அரளி விஷச்செடி. புகுந்த வீட்டில் வாயைத் திறந்து சொல்ல முடியாததைத் தூளியை ஆட்டிக்கொண்டே, நாத்தனார் காதில் விழும்படி, பாட்டில் சொல்லியிருக்கிறாள் ஒருத்தி. சரி, இதையும் ஒலிபரப்பிவிடலாம் என்று அந்த அம்மாவின் அனுமதியோடு அடுத்த நிகழ்ச்சியில் போட்டேன். உடனே இன்னொரு போன். இவர் நாத்தனார் கட்சி. "தம்பி புள்ளைங்களை இடுப்புல சுமந்து வளத்தவ நான். அரளின்னு பாடுனவ வீட்டுக்கு எந்த அத்தையும் சீர் கொண்டு போயிருக்க மாட்டா, அதான் அந்த எரிச்சல்." மூன்றாவதாகப் பேசியவர் யார் பக்கமும் சேரவில்லை. பாட்டி பால் வார்க்கும் கையால் அடித்ததில் தொடங்கி, நான் கேள்விப்படாத உறவுகளுக்கெல்லாம் ஒவ்வொரு அடியாகப் போனிலேயே பாடிவிட்டார். அவர் வீட்டுக்குப் போய்ப் பதிவு செய்தோம்.

இந்தச் சண்டை யூடியூபில் நடக்குமா? கீழே "அருமை" என்று எழுதுவார்கள், ஒரு கைகூப்பும் படம் போடுவார்கள். இங்கே பாடியவரையும் அவர் மருமகளையும் தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். தப்பு என்று தோன்றினால் விட மாட்டார்கள். திருத்தப் போன் பண்ணுகிறவர் வாயில் இன்னொரு பாட்டு இருக்கிறது, அதைச் சண்டை போட்டுத்தான் வெளியே எடுக்க முடியும். உங்கள் அம்மா உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் வேலை இதுதான்.

யூடியூபுக்கு நான் எதிரி இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிளவுஸ் கழுத்து மாடல் எல்லாம் அதில் பார்த்துத்தான் தைக்கிறேன். பழைய பாட்டெல்லாம் தங்கம் என்றும் சொல்லவில்லை. சாதியை இழிவாகப் பேசுகிற வரிகள் வரும், அதை வெட்டிவிட்டுத்தான் போடுவேன். ஆவணம், அசல் என்று யாராவது சண்டைக்கு வந்தால் வரட்டும். வெட்டாத பிரதி கணினியில் இருக்கிறது, ஆராய்ச்சிக்காரர்கள் வந்து கேட்டுக்கொள்ளட்டும். சாப்பிட்டுக்கொண்டே ரேடியோ கேட்கிறவர் காதில் அது விழ வேண்டியதில்லை.

சும்மா மைக் முன்னால் உட்கார்ந்து பேசுகிறார் என்று நினைத்தீர்களானால், ஒரு நடவுப் பாட்டு எப்படி வருகிறது என்று கேளுங்கள். வயதான ஒரு அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, ஃபேனை நிறுத்தி, மைக்கை நீட்டினோம். முதல் வரிக்கு மேல் வரவில்லை. மறந்துபோச்சு சாமி என்றார். தண்ணீர் குடித்தார், மறுபடியும் அதே வரி. அப்புறம் அவராகவே எழுந்து, புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தார். இடது கையில் நாற்றுமுடி இருப்பதுபோல விரலை மடக்கிக்கொண்டு, வலது கையால் சிமென்ட் தரையில் நட ஆரம்பித்தார். வரிசையாக வந்தது பாட்டு. நடவில் பின்பக்கமாகத்தானே நகர்வார்கள். அவர் பின்னால் போகப் போக நான் ரெக்கார்டரை அவர் முழங்கால் உயரத்துக்குப் பிடித்துக்கொண்டு குந்தியபடியே கூடப் போனேன். முடித்ததும் குலவை போட்டார் பாருங்கள், லெவல் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது, அந்த இடம் மட்டும் கரகரவென்றுதான் இருக்கும். மூச்சு வாங்குவதைச் சுத்தம் செய்துவிடலாம் அக்கா என்றான் எடிட் பண்ணுகிற தம்பி. வேண்டாம் என்றேன். அந்த மூச்சில்தான் தாளம் இருக்கிறது. இப்போது எங்கள் பக்கம் பாதி வயலில் இயந்திர நடவு. மீதி வயலில் யாராவது இடுப்பில் செருகியிருக்கும் செல்போன் பாடுகிறது.

ஒப்பாரிக்கு வேறு முறை. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாட மாட்டார்கள், ஆகாது. மாட்டுக்கொட்டகைக்கோ களத்துமேட்டுக்கோ கூட்டிப் போனால்தான் வாய் திறப்பார்கள். ஒலிபரப்புவதும் லேசில்லை. முதலில் காலையில் போட்டோம், காலங்கார்த்தால இழவுப் பாட்டா என்று திட்டு விழுந்தது. மத்தியானத்துக்கு மாற்றினோம். செவ்வாயும் வெள்ளியும் போடுவதில்லை. பகுத்தறிவு பேசுகிறவர்கள் என்னைத் திட்டலாம். ஆனால் ரேடியோவை அணைத்துவிட்டால் நான் யாருக்குப் பாடிக் காட்டுவது?

இன்னொன்று. பாடியவர் பெயரை எப்படி அறிவிப்பது? எங்கள் பக்கம் தெருப் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும். "தெருப் பேரைச் சொல்லாத. வயக்காட்டுல பாடுனப்ப எவனும் தெருவைக் கேக்கல" என்றார் ஒருவர். இன்னொருவர் நேர்மாறு: "சொல்லு, இந்தப் பாட்டு எங்க தெருவுதுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்." அதனால் ஒவ்வொருவரிடமும் மைக்கைப் போடும் முன்பே கேட்டுவிடுவேன். தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் சங்கம் ரேடியோவை 2008 முதல் தலித் பெண்களே நடத்துகிறார்கள். அங்கே பாடுகிறவரும் பதிவு செய்கிறவரும் ஒரே ஆட்கள். எங்கள் ஸ்டேஷன் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

டவுனிலிருந்து கேமராவோடு வருகிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. எங்கள் நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு ஒரு குழு வந்தது. நான்தான் வீடு வீடாகக் கூட்டிப் போனேன். பதிவைக் கொடுத்தனுப்புகிறோம் என்றார்கள், இன்றுவரை வரவில்லை. அந்தப் பாட்டில் ஒன்று கீபோர்டு, ரிதம் பேடு எல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "பாரம்பரியப் பாடல்" என்று இருந்தது. பாடிய அம்மா உயிரோடு இருக்கிறார், ரேஷன் அட்டை இருக்கிறது, பாரம்பரியம் ஆவதற்கு இன்னும் நாளாகும். வருகிற எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் அம்மா யாரையாவது கூட்டிப் போவதாக இருந்தால், பதிவு முடிந்த கையோடு ஒரு பிரதியை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சும்மா வேலை பார்ப்பது என்று வந்துவிட்டதால் இதையும் சொல்கிறேன். ரேடியோவில் காசு வராது என்று தெரிந்துதான் போகிறேன், அதில் வருத்தமில்லை. என் தையலில்தான் உண்மையான சும்மா வேலை. முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி பிளவுஸை வாங்கிக்கொண்டு போவார்கள், "அக்கா, கல்யாணம் முடிஞ்சு தர்றேன்" என்பார்கள். பிள்ளை பிறந்து அதற்குக் காது குத்தும்போது மறுபடியும் துணியோடு வந்து நிற்பார்கள், பழைய பாக்கியைப் பற்றிப் பேச்சே வராது. லைனிங் துணி நான் காசு போட்டு வாங்கினது. என் மகன் இதைக் கணக்குப் பார்த்திருக்கிறானா? ரேடியோவுக்குப் போகிற பஸ் காசுதான் அவன் கண்ணை உறுத்துகிறது.

யார் கேட்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். வயலில் இருப்பவர், டீக்கடை, தறி ஓட்டுகிறவர், கண் தெரியாத பெரியவர்கள். இன்னும் கேட்பார்கள், இந்தப் போன் கம்பெனிகள் விட்டால். முன்பு ஹெட்போன் ஒயரைச் செருகினால் அதுவே ஆன்டெனா ஆகிவிடும், எஃப்.எம் எடுக்கும். இப்போது பல போன்களில் ஒயர் செருகுகிற ஓட்டையே இல்லை. போனில் எஃப்.எம் வேலை செய்ய வேண்டும் என்று மத்திய அரசே 2023-ல் கம்பெனிகளுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. எங்கள் ஊர் பிள்ளைகள் புதிதாக வாங்குகிற போனில் நான் இன்னும் பார்க்கவில்லை.

நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி சினிமாவுக்கு வந்தது 1985-ல். அதற்கு முன்பே அவரை வானொலியில் கேட்டவர்கள் உண்டு. எல்லாரும் கருப்பாயி ஆகிவிடுவார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆகாசவாணியில் பாட வேண்டும் என்றால் குரல் தேர்வுக்குப் போக வேண்டும். நான் சொன்ன நடவுப் பாட்டு அம்மா பஸ் ஏறித் தேர்வுக்குப் போவாரா? அவர் வீட்டுக்குப் போய்க் குந்துகிற ஆள் ஒன்று வேண்டும், அவ்வளவுதான் என் வாதம்.

காசு விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் கவலையும் நியாயம்தான். சம்பளம் கேட்க வேண்டாம், ஆனால் பஸ் காசும் வெளிப்பதிவுக்குப் போகிற நாளில் சாப்பாட்டுக் காசும் ஸ்டேஷனில் கேட்கச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. 2024 விதிப்படி மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம், முன்பு 7 நிமிடம்தான். அரசு விளம்பரத்துக்குப் பத்து விநாடிக்கு 74 ரூபாய் என்றும் உயர்த்தியிருக்கிறார்கள். வருகிறதா இல்லையா என்பது ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாறும், கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொண்டு போங்கள். ஸ்டேஷன் கணினி என்றைக்கு நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அம்மா பதிவு செய்ததையெல்லாம் அதில் ஏற்றி, ஒவ்வொரு கோப்புக்கும் பாடியவர் பெயர், ஊர், தேதி, என்ன பாட்டு என்று தமிழிலேயே பெயர் வையுங்கள். "ரெக்001" என்று இருப்பதில் எது ஒப்பாரி எது கும்மி என்று கண்டுபிடிப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. தெருப் பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று மட்டும் அம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.