பழைய மாணவிகளை எப்படி ஒன்றாக வைத்திருப்பது? வருகைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இதுதான்: "எங்களுடையது தோட்டப்புறப் பட்டணம். பெண்கள் இடைநிலைப்பள்ளியின் பழைய மாணவிகளுக்குச் சங்கம் தொடங்கினோம். புலனக் (வாட்ஸ்அப்) குழு மூன்று மாதம் கலகலப்பாக ஓடியது. இப்போது காலை வணக்கப் படங்கள் மட்டுமே வருகின்றன. எல்லாரையும் எப்படித் தொடர்ந்து இணைத்து வைத்திருப்பது?"

ஒன்பது வருடமாக இதே மாதிரி ஒரு சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். எங்கள் ஊர் மலேசியாவின் வட ஜொகூரில் இருக்கிறது. ஒரு பக்கம் ரயில் தண்டவாளம், மற்ற பக்கமெல்லாம் செம்பனை. பள்ளியின் பெயரையும் ஊரின் பெயரையும் சொல்லவில்லை, கீழே வருகிற விஷயங்களில் பாதி மற்றவர்களுடையவை.

உங்கள் குழு ஏன் அடங்கியது என்று யோசிப்பதற்கு முன், அதில் யார் யார் இல்லை என்று உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். நாங்கள் தொடங்கியபோது ஒரே வாரத்தில் அறுபது பேருக்கு மேல் சேர்ந்தார்கள். எல்லாரும் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்தவர்கள். ஆசிரியை, தாதி, வங்கி அலுவலர், ஒரு வழக்கறிஞர். அவர்கள் ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்தவர்கள், முகநூலில் நண்பர்கள், பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் போய் வந்தவர்கள். புதிதாகப் பேச என்ன இருக்கும்? பழைய படங்களைப் போட்டு முடித்ததும் பேச்சும் முடிந்தது.

1982-இல் நான் முதலாம் படிவத்தில் (இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பில்) இருந்தபோது எங்கள் வகுப்பில் 42 பேர். 1986-இல் எஸ்.பி.எம். எழுதும்போது அதில் 23 பேர்தான் மிச்சம். நடுவில் போன 19 பேரில் பெரும்பாலோர் தோட்டத்துப் பிள்ளைகள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், பிறகு மலாய்வழிப் படிப்புக்குத் தயார்படுத்த ஒரு வருடம் ரிமூவ் வகுப்பு, அதற்குப் பிறகுதான் முதலாம் படிவம். மூன்றாம் படிவத்தில் எஸ்.ஆர்.பி. தேர்வு. அதில் தவறினால் அரசுப் பள்ளியில் நான்காம் படிவம் கிடையாது, அன்றோடு படிப்பு முடிந்தது. சிலர் அதுவரைகூட வரவில்லை. அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனால் கைக்குழந்தையை யார் பார்ப்பது என்று நிறுத்தினார்கள். வயசுக்கு வந்ததும் பேருந்தில் அனுப்ப மாட்டேன் என்று நிறுத்தினார்கள்.

இந்த 19 பேரையும் விட்டுவிட்டுச் சங்கம் நடத்தினால் அது கோலாலம்பூரிலும் ஜொகூர் பாருவிலும் வருடத்துக்கு ஒரு விருந்தாகத்தான் முடியும். நாங்கள் முதல் இரண்டு வருடம் அதைத்தான் செய்தோம். ஆகவே என் முதல் யோசனை உங்கள் சட்டவிதியைப் பற்றியது. உறுப்பினர் யார் என்கிற இடத்தில் "படிப்பை முடித்தவர்" என்று இருந்தால் மாற்றுங்கள். "இந்தப் பள்ளியின் பதிவேட்டில் ஒரு நாளாவது பெயர் இருந்தவர்" என்று எழுதுங்கள். எங்கள் பொதுக்கூட்டத்தில் இதற்கு எதிர்ப்பு வந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை, இன்றைக்கும் அது சரியென்றே நினைக்கிறேன்.

அடுத்தது, எங்கே போய்த் தேடுவது. பள்ளி அலுவலகத்தில் பழைய பதிவேடு இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். எங்கள் வருடங்களின் பதிவேடுகள் 2006 டிசம்பரில் தொடங்கி 2007 ஜனவரி வரை ஜொகூரை மூழ்கடித்த வெள்ளத்தில் போய்விட்டன. இருந்திருந்தாலும் அதிலுள்ள முகவரிகள் பயன்படாது. "இன்ன தோட்டம், இரண்டாவது டிவிஷன்" என்று இருக்கும், ஆனால் பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்ட பிறகு அங்கே அவ்வளவு ஆள் தேவைப்படவில்லை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தாகிவிட்டது. சனங்கள் மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய், கூலாய் என்று தாமான்களுக்கு (குடியிருப்புப் பேட்டைகளுக்கு) போய்விட்டார்கள்.

முகநூலில் தேடினாலும் அகப்பட மாட்டார்கள். நம் பெண்களுக்குக் கல்யாணம் ஆனாலும் அடையாள அட்டையில் அப்பா பெயர்தான் இருக்கும், ஆனால் முகநூலில் கணவர் பெயரோ மகன் பெயரோ ஒட்டியிருக்கும். தோட்டத்தில் அவளை அழைத்த பெயர் வேறு. பள்ளியில் லெட்சுமியாக இருந்தவள் லயத்தில் பாப்பாவாக இருந்திருப்பாள். ஆகவே தேடும்போது மூன்று விஷயம் கையில் வேண்டும்: அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர். அப்பாவோ அம்மாவோ என்ன வேலை பார்த்தார் என்பதும் தெரிந்தால் இன்னும் நல்லது. "தண்டல் (வேலை மேற்பார்வையாளர்) மகள்", "ஆயாக் கொட்டகை (குழந்தைகள் காப்பகம்) அம்மா மகள்" என்றால் எழுபது வயதுப் பாட்டிக்குக்கூட உடனே பிடிபடும்.

அந்தப் பாட்டிகளை எங்கே பார்ப்பது? தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில். லயம் போனாலும் பல தோட்டங்களில் கோயில் நிற்கிறது. வருடத்துக்கு ஒரு நாள் மாசாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அத்தனை பேரும் அங்கே வந்து சேர்வார்கள். அவர்களுக்கு யாரும் அழைப்பிதழ் அனுப்புவதில்லை. நாங்கள் முகநூலில் இரண்டு வருடம் தேடிக் கிடைக்காதவர்களை ஒரே திருவிழாவில் கண்டுபிடித்தோம்.

அந்த நாளைச் சொல்லியே ஆக வேண்டும். முதலாம் படிவத்து வகுப்புப் படத்தைப் பெரிதாக்கி, பிளாஸ்டிக் ஒட்டி எடுத்துப் போயிருந்தேன். அன்னதானப் பந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் காட்டிக்கொண்டிருந்தேன். ஒருத்தி மோர் வாளியோடு கடந்து போனவள் நின்றாள். படத்தை ஒரு முறை பார்த்தாள், என்னை ஒரு முறை பார்த்தாள். "நீ பின் வரிசைலா," என்றாள். அவளைத்தான் நான் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்புத் தலைவி. எஸ்.ஆர்.பி.யோடு நின்றவள். பிறகு பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை, அதற்குப் பிறகு பதினைந்து வருடம் விடியற்காலை நான்கு மணிப் பேருந்தில் சிங்கப்பூருக்குப் போய் வந்திருக்கிறாள்.

சங்கத்தில் சேரச் சொன்னேன். "நான் மூணாம் படிவத்தோட நின்னுட்டேன்லா. அதெல்லாம் படிச்சு முடிச்சவங்களுக்கு," என்றாள். வாளியைக் கீழே வைக்கவே இல்லை. என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. படத்தைக் காட்டி, "இதுல பாதிப் பேர் பெயரே எனக்கு மறந்துபோச்சு, நீயாவது சொல்லேன்," என்றேன்.

அப்போதுதான் வாளியை வைத்தாள். படத்தில் நிற்கிற வரிசையில் சொல்லவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு வருகைப் பதிவேட்டின் வரிசையில் சொன்னாள். ஆங்கில 'ஏ' எழுத்தில் தொடங்கி, மலாய்ப் பெண், சீனப் பெண், நம் பெண் என்று அகர வரிசையில், அப்பா பெயரோடு. தினமும் காலையில் அந்தப் பதிவேட்டை அலுவலகத்துக்கு எடுத்துப் போய் வந்தவள் அவள்தானே. 42 பெயர். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் தட்டினாள், திரும்ப மேலிருந்து வந்து சரியாகப் பிடித்தாள். நான் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டேன். நம் பெண்கள் ஒவ்வொருத்திக்கும் எந்தத் தோட்டம், எந்தப் பேருந்தில் வருவாள் என்பதும் தெரிந்திருந்தது. வெள்ளத்தில் போன எங்கள் வகுப்புப் பதிவேடு அன்றைக்குத் திரும்பக் கிடைத்தது. இப்போது எங்கள் சங்கத்தில் பெயர்ப் பட்டியல் அவள் பொறுப்பில்தான் இருக்கிறது.

உங்கள் ஊரிலும் ஒவ்வொரு வருடத்து வகுப்பிலும் இப்படி ஒருத்தி இருப்பாள். அவளைக் கண்டுபிடித்து, வருடத்துக்கு ஒருத்தி என்று பொறுப்புக் கொடுங்கள். நூறு பேர் குழுவில் செய்தி போடுவதைவிட, அவள் தன் வகுப்பில் பத்துப் பேருக்கு நேரே போன் பண்ணுவது நடக்கிற காரியம்.

புலனக் குழுவைப் பற்றி இரண்டு வார்த்தை. எங்கள் குழுவில் எல்லாம் ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் படிப்பை விட்டவர்கள் செய்திகளைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள், பிழையாக எழுதிவிடுவோமோ என்ற பயம். பல இனத்தவரும் படித்த பள்ளி என்பதால் தமிழில் மட்டும் நடத்தவும் முடியாது. குரல் பதிவுதான் இதைத் தீர்த்தது. யார் எந்த மொழியிலும் பேசலாம் என்று சொல்லி, எங்கள் வகுப்புத் தலைவியையே முதலில் மலாயும் தமிழும் கலந்து பேச வைத்தோம். ஒரே வாரத்தில் அதுவரை வாயே திறக்காதவர்கள் பேசத் தொடங்கினார்கள். அறிவிப்புக்குத் தனிக் குழு வைத்து அதில் நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி செய்துவிடுங்கள், காலை வணக்கப் படங்கள் அங்கே வராது. குழுவில் யாரிடமும் அடையாள அட்டை எண்ணைக் கேட்காதீர்கள்.

சந்திப்பு நாளை முடிவு செய்வது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் ஆள் வருவதும் வராததும் அதில்தான் இருக்கிறது. ஜொகூரில் 2014 முதல் 2024 வரை வார விடுமுறை வெள்ளியும் சனியும். அப்போது ஞாயிறு இங்கே வேலை நாள், கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் விடுமுறை. 2025-இல்தான் மறுபடி சனி, ஞாயிறு ஆனது. தீபாவளி வாரத்தில் வையுங்கள் என்பார்கள். வீட்டில் முறுக்குப் பிழிகிறவள் எப்படி வருவாள்? சீனப் பெருநாளில் வைத்தால் சீனத் தோழிகள் வர முடியாது. பல தடவை மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் மே 1-க்கு வந்து நின்றோம். தொழிலாளர் தினம், இரண்டு நாட்டிலும் விடுமுறை, யாருடைய பெருநாளும் பெரும்பாலும் அன்றைக்கு வராது. ஓட்டலில் வைக்காதீர்கள். பள்ளி மண்டபத்தைத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். ஓட்டல் என்றால் என்ன உடுத்துவது, எவ்வளவு கட்டணம் என்ற கவலையிலேயே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

பணம். இதில் எங்களுக்கு ஒரு காயம் இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்த ஒரு செயற்குழு டி-சட்டைக்கென்று தலைக்கு 35 வெள்ளி (ரிங்கிட்) வாங்கி, மிச்சத்துக்குக் கணக்குக் காட்டவில்லை. பெரிய தொகை இல்லை. ஆனால் பன்னிரண்டு பேர் சொல்லாமல் விலகினார்கள், அவர்களில் நான்கு பேர் இன்னும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஒரு வெள்ளி வந்தாலும் அன்றைக்கே ரசீதைப் படமெடுத்துக் குழுவில் போடுகிறோம். ஆயுள் சந்தா 100 வெள்ளி என்றிருந்ததை எடுத்துவிட்டு வருடத்துக்கு 10 வெள்ளி ஆக்கினோம். பத்து வெள்ளியை வருடா வருடம் வாங்கப் போகும்போது ஒரு பேச்சும் நடக்கிறது, அது எங்களுக்குப் பெரிய லாபம்.

இன்னும் பதியவில்லை என்றால் சங்கங்களின் பதிவிலாகாவில் பதிந்துவிடுங்கள். 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி தொடங்குவதற்கு ஏழு பேர் போதும். பதிந்தால்தான் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு திறக்க முடியும். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும், இதை மறந்து பதிவை இழந்த சங்கங்கள் உண்டு. நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கும் என்று யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள், அதற்கு வருமான வரி வாரியத்தின் தனி அங்கீகாரம் வேண்டும். பதிந்த சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் கோலாலம்பூரின் புக்கிட் நானாஸ் கான்வென்ட் பெண்கள் பள்ளியைச் சொல்வேன். 2021-இல் அந்தப் பள்ளியின் நிலக் குத்தகை புதுப்பிக்கப்படாது என்ற நிலை வந்தபோது பெற்றோரும் பழைய மாணவிகளும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள், பிறகு குத்தகை நீடித்தது. நம் மாதிரிச் சிறு பட்டணத்துப் பள்ளிக்கு அப்படி ஒரு நாள் வந்தால் யார் பெயரில் மனு எழுதுவது?

கடைசியாக, எல்லாரும் ஏதாவது ஒரு வேலையோடு இருக்க வேண்டும். இப்போது அந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள்தான் அந்த வேலை. எங்களில் தையல் தெரிந்த மூன்று பேர் தமிழ்ப்பள்ளியிலிருந்து புதிதாக வருகிற பிள்ளைகளுக்குத் துணி விலைக்கே பினாஃபோர் சீருடை தைத்துக் கொடுக்கிறார்கள். ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியை ஒருவர் புதன்கிழமை மதியம் கட்டுரை சொல்லிக் கொடுக்கிறார். தாதியாக இருக்கிற தங்கை ஐந்தாம் படிவத்துக்கு வந்து தாதியர் படிப்புக்கு எப்படி மனுச் செய்வது என்று விளக்கினாள். எங்கள் வகுப்புத் தலைவியின் யோசனையில், இரண்டு வாரம் தொடர்ந்து பள்ளிக்கு வராத பிள்ளை யார் என்று ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னால், அந்தத் தாமானிலேயே இருக்கிற ஒரு பழைய மாணவி வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறாள். போன வருடம் இரண்டு பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். இதைப் பற்றிக் குழுவில் பேசும்போது காலை வணக்கப் படம் போட யாருக்கும் தோன்றுவதில்லை.

மே 1 அன்று மண்டபத்தில் சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொரு வகுப்பாகப் பெயர் வாசிப்போம். எங்கள் வகுப்புக்கு அந்த வகுப்புத் தலைவிதான் வாசிப்பாள், அதே வரிசையில். இருப்பவர்கள் கையைத் தூக்கி அந்தக் காலத்தைப்போல "ஹாடிர், சிக்கு" (மலாயில், "வந்திருக்கிறேன், டீச்சர்") என்போம். தவறிப்போன மூன்று பேருக்கு எல்லாரும் சேர்ந்து சொல்வோம். 42-இல் இன்னும் ஐந்து பேர் கிடைக்கவில்லை. அந்தப் பெயர்களையும் அவள் வாசிக்கிறாள், கொஞ்சம் நிறுத்தி மண்டபத்தைப் பார்க்கிறாள், பென்சிலால் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறாள்.