அமெரிக்கக் குடிமக்களுக்குள் பொதுவான மதிப்பீடுகள் ஏதாவது மிச்சமிருக்கிறதா, இல்லை முழுக்கப் பிளவுபட்டுவிட்டார்களா?

நிறையவே மிச்சமிருக்கிறது. கட்சிப் பெயரை எடுத்துவிட்டுக் கேட்டால்தான் அது கண்ணில் படும். நான் மிசௌரியில் வாழ்கிறேன், இங்கேயே ஓட்டுப் போடுகிறேன். அதனால் இந்த மாநிலத்தை வைத்தே சொல்கிறேன்.

2024 நவம்பர் வாக்குச்சீட்டின் மேல்பகுதியில் அதிபர், செனட்டர், ஆளுநர் என்று கட்சிப் பெயரோடு வேட்பாளர்கள் இருந்தார்கள். கீழே கட்சிப் பெயரே இல்லாத சில கேள்விகள்; ஆம் அல்லது இல்லை, ஏதாவது ஒன்றைப் பேனாவால் நிரப்ப வேண்டும். மேலே டிரம்புக்கு ஏறத்தாழ 58 சதவீதம் விழுந்தது. குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக்கவும், உடம்பு சரியில்லாதபோது சம்பளத்தோடு விடுப்பு கொடுக்கவும் கேட்ட 'பிராபோசிஷன் ஏ' கீழே இருந்தது. அதற்கும் ஏறத்தாழ 58 சதவீதம்! கணக்குப் போட்டால், இரண்டையும் ஆதரித்தவர்கள் சில லட்சம் பேராவது இருந்தாக வேண்டும்.

அவர்களில் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டு வாசலில் டிரம்ப் பலகை நட்டிருந்தார். மகள் உணவகத்தில் வேலை செய்கிறாள்; காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி போச்சு. "காய்ச்சலோட சோறு பரிமாறச் சொல்றது என்ன நியாயம்?" என்பார். இதில் இடது எது, வலது எது?

ஆனால் அந்த விடுப்பு நிலைக்கவில்லை. 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்ததை மாநிலச் சட்டமன்றமே ரத்து செய்தது. ஆகஸ்ட் கடைசியோடு போய்விட்டது. மக்கள் முடிவை மீறுவது இங்கே புதிதல்ல. 2020-ல் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவக் காப்பீட்டை விரிவாக்க மக்கள் ஓட்டுப் போட்டார்கள். சட்டமன்றம் பணம் ஒதுக்க மறுத்தது. மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் நடந்தது.

கட்சியைத் தாண்டி மக்கள் இப்படி ஓட்டுப் போடுவது குடியரசுக் கட்சி மாநிலங்களின் கதை மட்டுமல்ல. கலிபோர்னியாவில் 2024-ல் கமலா ஹாரிஸ் எளிதாக வென்றார். அதே நாளில், திருட்டுக்கும் போதைப்பொருளுக்கும் தண்டனையைக் கடுமையாக்கும் 'பிராபோசிஷன் 36' அதைவிடப் பெரிய வித்தியாசத்தில், மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஆதரவோடு நிறைவேறியது. ஜனநாயகக் கட்சி ஆளுநரே அதை எதிர்த்திருந்தார்.

எல்லாவற்றிலும் ஒற்றுமை என்று நான் சொல்லவரவில்லை. அதே 2024 வாக்குச்சீட்டில் கருக்கலைப்பு உரிமை மிசௌரியில் 52 சதவீதத்தைக்கூடத் தொடாமல் தப்பித்தது. அது மனசாட்சியின் ஆழத்திலிருந்து வரும் கருத்து வேறுபாடு. துப்பாக்கி, குடியேற்றம் இரண்டிலும் அப்படித்தான். அதையெல்லாம் மூடி மறைக்கக் கூடாது.

எனக்குக் கவலை தருவது வேறு. விடுப்புச் சட்டம் ரத்தானபோது பக்கத்து வீட்டுக்காரர் கொதித்துப் போனார். அடுத்த முறை உங்கள் உறுப்பினரைத் தோற்கடிப்பீர்களா என்று கேட்டேன். "அதுக்காக அந்தக் கட்சிக்கா ஓட்டுப் போட முடியும்?" என்றார். பிள்ளை எதிர்க்கட்சிக் குடும்பத்தில் சம்பந்தம் செய்தால் வருத்தமா என்று 1960-ல் ஒரு கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களைக் கேட்டபோது, ஆம் என்றவர்கள் 5 சதவீதம் அளவில்தான். 2010-ல் அதே மாதிரிக் கேள்விக்குக் குடியரசுக் கட்சியினரில் பாதிப் பேர், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவர் வருத்தம்தான் என்றார்கள். எதிர்க் கட்சி மேல் இந்த அளவு வெறுப்பு இருக்கும்வரை, மக்கள் ஓட்டுப் போட்டதைத் தூக்கி எறிந்தாலும் உறுப்பினருக்குப் பதவி போகாது.

பெரும்பாலான தொகுதிகளில் எந்தக் கட்சி ஜெயிக்கும் என்பது முன்பே தெரிந்த விஷயம். உண்மையான போட்டி கட்சிக்குள் நடக்கும் பிரைமரி தேர்தலில்தான். அதற்கு வருபவர்கள் கொஞ்சம் பேர். அவர்களில் தீவிரமானவர்களே அதிகம். வேட்பாளர்களும் அவர்களுக்குப் பிடித்த மாதிரித்தான் பேசுவார்கள்.

குடியுரிமை வாங்கிய நம் தமிழர்கள் பலரும் நவம்பருக்கு மட்டும் போகிறார்கள். தயவுசெய்து பிரைமரிக்கும் போங்கள். மிசௌரியில் அது ஆகஸ்டில் நடக்கும். கட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதில்லை, எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டை வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளரிடம், மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியதை மதிப்பீர்களா என்று நேராகவே கேளுங்கள்.