பால்கன் சுற்றுலா: பணம் கட்டும் முன்னும் கட்டிய பின்னும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிப் பயணத்தைப் பற்றியவை. குரோஷியா, போஸ்னியா, மான்டினீக்ரோ, அல்பேனியா, வட மாசிடோனியா, செர்பியா என்று பல நாடுகளைக் கோத்து, "சிறிய குழு, வழிகாட்டியுடன்" என்று விற்கப்படும் பால்கன் சுற்றுலாக்கள். பாரிஸும் சுவிட்சர்லாந்தும் பார்த்தாயிற்று, அடுத்து எங்கே என்று கேட்பவர்களுக்கு இப்போது இதுதான் கைகாட்டப்படுகிறது. ஊர்கள் அருமையானவை. விற்கும் முறைதான் சரியில்லை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

"பதினைந்து பேருக்கு மேல் போகாது மேடம்" என்று போனில் சொன்னார்கள். ஜாக்ரெபில் இறங்கினால் 41 பேர், பெரிய பஸ். கேட்டதற்கு, "மற்ற கம்பெனிகளில் ஐம்பது பேர் வருவார்கள், இது சிறிய குழுதான்" என்கிறார் டூர் மேனேஜர். திரும்பி வந்து ஒரு மாதம் ஆகிறது. ஏதாவது செய்ய முடியுமா? (ஒரு வாசகி, திருச்சி)

முடியும். செய்யுங்கள்.

முதலில் என் ஆத்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். "சிறிய குழு" என்பதற்குச் சட்டத்தில் எண் எதுவும் கிடையாது. அந்த இடைவெளியில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. ஒழுங்காக நடத்தும் நிறுவனங்கள் "அதிகபட்சம் 12", "அதிகபட்சம் 16" என்று எண்ணாகவே எழுதுகின்றன. எண் போடாமல் பெயரடை மட்டும் போடுகிறவர் அந்த எண்ணைத் தன் வசதிக்கு விட்டுவைத்திருக்கிறார்.

குழுவின் அளவு மற்ற இடங்களைவிட பால்கனில் அதிகம் உறைக்கும். பிரான்ஸிலிருந்து பெல்ஜியம் போகும்போது எல்லை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இங்கே அப்படியில்லை. குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனுக்குள், அதாவது ஒரே விசாவில் எல்லைச் சோதனை இல்லாமல் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்குள். போஸ்னியா, மான்டினீக்ரோ, செர்பியா, அல்பேனியா, வட மாசிடோனியா, கொசோவோ எல்லாம் வெளியே. ஒவ்வொரு எல்லையிலும் ஒரு நாட்டின் வெளியேறும் சோதனை, அடுத்த நாட்டின் நுழைவுச் சோதனை. ஷெங்கன் எல்லையென்றால் 2025 அக்டோபரில் தொடங்கிய முகப்பட, கைரேகைப் பதிவு முறை வேறு. துப்ரோவ்னிக்கிலிருந்து கோட்டோர் 90 கிலோமீட்டர்தான். கோடைக்காலத்தில் நாற்பது பாஸ்போர்ட்டோடு அந்த எல்லையில் நின்றால் பாதி நாள் அங்கேயே போய்விடும். 12 பேர் வேனில் போனால் அதே எல்லையில் காத்திருப்பு பெருமளவு குறையும். நீங்கள் காசு கொடுத்தது அந்த நேரத்துக்கு.

ஊருக்குள்ளும் அதே கதைதான். துப்ரோவ்னிக், கோட்டோர் இரண்டும் மதிலுக்குள் இருக்கும் பழைய நகரங்கள். பஸ் வாசலில் இறக்கிவிடும், மிச்சம் நடை. மொஸ்தாரின் பழைய பாலம் 1566இல் கட்டி, 1993 போரில் தகர்க்கப்பட்டு, 2004இல் மறுபடி எழுப்பப்பட்டது. குறுகலானது, செங்குத்தானது, தேய்ந்து வழுக்கும் கல். நாற்பது பேர் அதைக் கடந்து ஒன்றுகூடுவதற்குள், அந்தப் பாலம் ஏன் உடைக்கப்பட்டது என்று சொல்லவேண்டிய வழிகாட்டிக்கு நேரம் முடிந்துவிடும். கடைசி வரிசைக்குச் சத்தமும் கேட்காது.

"வழிகாட்டியுடன்" என்பதும் இப்படித்தான். சென்னையிலிருந்து கூடவே வருபவர் டூர் மேனேஜர், வழிகாட்டி அல்ல. குரோஷியாவில் உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டிதான் துப்ரோவ்னிக் போன்ற இடங்களில் விளக்கம் சொல்லலாம். எந்தெந்த ஊரில் உள்ளூர் வழிகாட்டி உண்டு, எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வர இரண்டு நாள் ஆனால் அதுவே ஒரு பதில்தான்.

இனி உங்கள் வழக்கு. விளம்பரம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், பஸ்ஸில் எடுத்த குழுப் படம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேருங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை என்று வருந்த வேண்டாம். "15 பேர் என்று சொன்னீர்கள், 41 பேர் வந்தார்கள்" என்று இன்றே மின்னஞ்சல் அனுப்பினால் அவர்கள் தரும் பதிலே சாட்சி. சக பயணிகள் இருவர் எழுதிக் கொடுத்தால் இன்னும் பலம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். நகரவில்லையென்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கம்பெனி மும்பையில் இருந்தாலும் திருச்சியில்தான் அவர்கள் வந்து நிற்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை இரண்டையும் புகாரில் எழுதுங்கள். முழுப் பணமும் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சும்மா விடாதீர்கள் அம்மா.

எட்டு நாளில் ஏழு பால்கன் நாடுகள், ஒருவருக்கு 1.65 லட்சம். நல்ல பேரமா? (ஒரு வாசகர், சேலம்)

இல்லை. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: சராயேவோவிலிருந்து பெல்கிரேட் சுமார் 300 கிலோமீட்டர், மலைச்சாலை, ஒரு எல்லை. அதற்கே ஒரு பகல் போய்விடும். மூன்று நாடு எடுங்கள்.

ஸ்ப்ளிட், துப்ரோவ்னிக், கோட்டோர், மொஸ்தார், மறுபடி ஸ்ப்ளிட் என்று திட்டம். மான்டினீக்ரோ எல்லையில் குரோஷிய அதிகாரி எங்கள் விசாவைப் பார்த்துவிட்டு, "வெளியே போனால் திரும்பி வரமுடியாது" என்றார். நாங்கள் இருவரும் மூன்று நாள் துப்ரோவ்னிக்கிலேயே சொந்தச் செலவில் தங்கினோம். விசா உங்கள் பொறுப்பு என்கிறது கம்பெனி. (ஒரு வாசகர், கோவை)

ஒருமுறை நுழைவு விசாவோடு ஷெங்கனை விட்டு வெளியே போய்த் திரும்பும் பயணத்துக்குக் கிளம்பியிருக்கிறீர்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் விசா ஒட்டியைப் பார்க்கவில்லையா ஐயா? நுழைவு எண்ணிக்கை என்ற இடத்தில் 01, 02 அல்லது பலமுறைக்கான 'மல்ட்' என்று இருக்கும். அரை நிமிட வேலை. நான் இதை எழுதாத மாதம் இல்லை.

ஆனாலும் பெரிய குற்றம் கம்பெனியுடையது. விசா உதவி என்று கட்டணம் வாங்கினார்களா? விண்ணப்பத்தை நிரப்பியது அவர்கள் ஆளா? அப்படியென்றால், தாங்களே போட்ட பயணத் திட்டத்துக்குப் பொருந்தாத விசாவோடு அழைத்துப் போனது சேவைக் குறைபாடு. நிரப்பிய படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஒருமுறை நுழைவு என்று அவர்கள் குறித்திருந்தால் உங்கள் கை ஓங்கும்.

மற்றவர்களுக்கு: பலமுறை நுழையும் செல்லுபடியான ஷெங்கன் விசா இருந்தால் போஸ்னியா, மான்டினீக்ரோ, செர்பியா, வட மாசிடோனியா ஆகியவற்றுக்கு இந்தியர்கள் தனி விசா இல்லாமல் குறுகிய காலம் போய்வரலாம். நாட்டுக்கு நாடு நிபந்தனை வேறு. போகும் முன் அந்தந்த நாட்டு வெளியுறவுத் துறைத் தளத்தில் சரிபாருங்கள். செர்பியாவுக்கு இந்தியர்களுக்கு விசாவே வேண்டாம் என்று இன்னும் சொல்லும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். அந்தச் சலுகை 2023 ஜனவரி 1 அன்றே முடிந்தது.

"துப்ரோவ்னிக் பகுதியில் நான்கு நட்சத்திர விடுதி, இரண்டு இரவு" என்று போட்டிருந்தார்கள். தங்கவைத்தது நெயும் என்ற ஊரில். அது போஸ்னியாவாம்! (ஒரு வாசகி, மதுரை)

ஆம், அது வேறு நாடுதான். குரோஷியக் கடற்கரையின் நடுவே போஸ்னியாவுக்கு ஒரு சிறு துண்டுக் கடற்கரை உண்டு. நெயும் அங்கே இருக்கிறது. துப்ரோவ்னிக்கைவிட அறை வாடகை மிகக் குறைவு. 2022 ஜூலையில் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலத்தின் வழியாக இப்போது ஸ்ப்ளிட்டிலிருந்து துப்ரோவ்னிக்குக்குப் போஸ்னியாவைத் தொடாமலே போகலாம். அப்படியிருந்தும் உங்களை எல்லை தாண்டிக் கொண்டுபோய்த் தூங்கவைத்து, காலையில் மறுபடி எல்லை தாண்டி அழைத்து வந்திருக்கிறார்கள்.

எனக்கும் ஒரு நிறுவனம் இதையே செய்தது. "கோட்டோர் வளைகுடா விடுதி" என்று வாங்கினேன். இறக்கிவிட்டது புட்வாவின் பின்புறத்தில், வளைகுடா கண்ணிலேயே படாத ஒரு தெருவில். மாலையில் கூட்டம் கலைந்த பிறகு பழைய நகரத்தில் நடப்பதற்காகத்தான் கோட்டோரைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அந்த மாலைகள் போயின. அந்த ஏமாற்றம் இன்னும் ஆறவில்லை என்பதால் உங்கள் கடிதத்தை இரண்டுமுறை படித்தேன்.

"பகுதி", "அருகில்", "அல்லது அதற்கு இணையான" என்ற மூன்று சொற்களில் எது இருந்தாலும் விடுதியின் பெயரையும் முகவரியையும் கேளுங்கள். புறப்பாட்டுக்குச் சில வாரம் முன்புதான் தெரியும் என்றால், "துப்ரோவ்னிக் நகர எல்லைக்குள்" என்றாவது எழுதி வாங்குங்கள். உங்கள் விஷயத்தில் வேறு நாட்டையே "பகுதி" என்று சொல்லியிருக்கிறார்கள். வாடகை வித்தியாசத்தையும் இழப்பீட்டையும் கேட்டு நோட்டீஸ் அனுப்புங்கள்.

ரசீது இல்லாமல் ஏஜென்டின் சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பினால் ஜிஎஸ்டியும் டிசிஎஸ்ஸும் மிச்சம் என்கிறார். அனுப்பலாமா? (பெயர் வேண்டாம், சென்னை)

அனுப்பாதீர்கள். டிசிஎஸ் என்பது வெளிநாட்டுச் சுற்றுலா விற்பவர் உங்களிடம் முன்கூட்டியே வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரி; அது செலவே அல்ல. உங்கள் பான் எண்ணில் வரவாகி, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பி வரும். ரசீது இல்லாத பணத்துக்கு நீங்கள் நாளை எந்த ஆணையத்திலும் நுகர்வோர் என்று நிரூபிக்கத் திண்டாடுவீர்கள்.

மாமனார், மாமியார் சுத்த சைவம், முட்டையும் ஆகாது. "தினமும் இந்திய உணவு" என்கிறார்கள். நம்பலாமா? (ஒரு வாசகி, கும்பகோணம்)

எந்த ஊரில், எந்த உணவகத்தில் என்று நாள்வாரியாகக் கேளுங்கள். தலைநகரங்களில் கிடைக்கலாம், மொஸ்தார், ஓஹ்ரித் போன்ற ஊர்களில் அந்த உறுதிமொழி சந்தேகம். உள்ளூர்ச் சாப்பாட்டில் பெரியவர்கள் கவனிக்க வேண்டியவை சில. போஸ்னியாவில் 'புரெக்' என்றால் இறைச்சி வைத்தது. உருளைக்கிழங்கு வைத்தது 'க்ரொம்பிருஷா'. பாலாடைக்கட்டி வைத்த 'ஸிர்னிட்சா'வில் முட்டை சேர்ப்பதுண்டு. பீன்ஸ் சூப்பில் புகையிட்ட இறைச்சி கிடப்பது சகஜம். செர்பியாவில் 'போஸ்னோ' என்று கேட்டால் நோன்புச் சமையல். பால், முட்டை, இறைச்சி இராது, ஆனால் மீன் இருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சுட்ட சிவப்புக் குடைமிளகாயில் செய்யும் 'ஐவார்' நம் நாக்குக்கு ஒத்துப்போகும், ரொட்டியோடு தாராளமாகச் சாப்பிடலாம். கையில் பொடியும் அவலும் இருக்கட்டும்.

ஐரோப்பா முழுவதற்கும் என்று இ-சிம்மும் காப்பீடும் வாங்கிவிட்டேன். போதும்தானே? (ஒரு வாசகர், நெல்லை)

இரண்டிலும் நாடுகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள். விற்பவர்கள் பலருக்கு ஐரோப்பா என்றால் ஐரோப்பிய ஒன்றியம்தான். நான் வாங்கிய 'ஐரோப்பா' சிம் போஸ்னிய எல்லையைத் தாண்டியதுமே நின்றுபோனது. கடையில் கேட்டபோது எல்லா நாட்டிலும் ஓடும் என்றுதான் சொன்னார்கள். சிம் நின்றால் எரிச்சலோடு போகும். காப்பீடு நின்றால் குடும்பமே கடனாளியாகும். ஷெங்கன் விசாவுக்காக வாங்கும் 30,000 யூரோ காப்பீடு சில சமயம் ஷெங்கன் நாடுகளுக்கு மட்டுமே. மான்டினீக்ரோவில் கால் உடைந்தால் அது உதவாது. போகும் நாடு ஒவ்வொன்றின் பெயரும் பாலிசியில் அடங்குகிறதா என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

நாங்கள் மலேசியர்கள். திரானா, பிரிஸ்ரென், பிறகு பெல்கிரேட் என்று வேனில் போக ஒரு குழு அழைக்கிறது. சரியா? (பினாங்கு)

வரிசை தவறு. அல்பேனியாவிலிருந்து கொசோவோவில் இருக்கும் பிரிஸ்ரெனுக்குப் போய், அங்கிருந்து நேரே செர்பியாவுக்குள் நுழைந்தால், நீங்கள் முறைப்படி நுழையவில்லை என்று செர்பியா திருப்பி அனுப்பலாம்; கொசோவோவைத் தனி நாடாக அது ஏற்கவில்லை. பெல்கிரேட், நிஷ், ஸ்கோப்யே, பிரிஸ்ரென், திரானா என்று தலைகீழாகப் போங்கள். ஸ்கோப்யேயில் அன்னை தெரசாவின் நினைவில்லத்துக்கு நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். 1910இல் அவர் பிறந்தது அந்த ஊரில். பிறந்த வீடு இன்று இல்லை, இடத்தில் நினைவுப் பலகை இருக்கிறது. கொசோவோ எல்லையின் இந்த அடிப்படையே தெரியாமல் வரிசை போட்ட குழுவை நான் நம்பமாட்டேன்.

இருவருக்கு 3.2 லட்சம் முழுதும் கட்டினோம். விசா மறுக்கப்பட்டது. "எல்லாம் புக் செய்துவிட்டோம்" என்று 1.9 லட்சத்தைப் பிடித்துக்கொண்டார்கள். என் கணவர் ஓய்வு பெற்றபோது வந்த பணம். (ஒரு வாசகி, ஈரோடு)

மனசு கனக்கிறது அம்மா. பிடித்த தொகைக்குக் கணக்குக் கேளுங்கள். "புக் செய்தோம்" என்பது கணக்கு ஆகாது. விமான டிக்கெட் எண், அதன் ரத்து விதி, விடுதிக்குப் பணம் போன தேதி, விடுதி திருப்பித் தர மறுத்த கடிதம் இவை வேண்டும். பயன்படுத்தாத டிக்கெட்டில் விமான நிலையக் கட்டணங்களும் வரிகளும் பொதுவாகத் திரும்ப வரும்; அது யார் கையில் இருக்கிறது என்றும் கேளுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் இன்றே வங்கிக்கு எழுதுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு.

விண்ணப்பம் எந்தத் தேதியில் போனது என்பதும் முக்கியம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். உங்களிடம் முழுப் பணத்தையும் வாங்கிவிட்டுக் கடைசி வாரங்களில் தாக்கல் செய்திருந்தால் அது அவர்கள் தவறு.

எல்லாவற்றுக்கும் முன், தூதரகம் கொடுத்த மறுப்புத் தாளை எடுங்கள். அது காரணங்களின் பட்டியல். பொருந்தும் கட்டத்தில் குறி போட்டிருப்பார்கள். பயண நோக்கமும் தங்கும் ஏற்பாடும் நம்பும்படி இல்லை என்ற கட்டத்தில் குறி இருந்தால், அந்த ஆவணங்களைத் தயாரித்தது கம்பெனி, நோட்டீஸை அங்கிருந்து தொடங்கலாம். உங்கள் வரவு செலவு பற்றிய கட்டமென்றால் வேறு வழியில் போகவேண்டும். எந்தக் கட்டம் என்று எழுதுங்கள், நோட்டீஸ் வரைவை நான் பார்த்துத் தருகிறேன்.