முக்கோணம் தெரிகிறது, விவரம் தெரியவில்லை

கேள்வி: எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணம் இருக்கிறது. உள்ளே என்ன கிடைக்கும் என்று பலருக்குத் தெரியவில்லை. எப்படிச் சொல்வது?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: நான் ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர். சுவர் விளம்பரம் அடையாளம் மட்டும்தான் காட்டும், சந்தேகத்துக்குப் பதில் சொல்லாது. 1968-ல் நிரோத் ஆணுறை வந்தபோது டீத்தூள், சோப்பு விற்ற கம்பெனிகள் வழியாகவே அது பெட்டிக்கடை வரை போனது. 15 பைசாவுக்கு மூன்று. கடையில் கண்ணில் பட்டதே விளம்பரமாயிற்று.

நான் புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும் தாய்மார்களிடம்தான் பேசுவேன். கர்ப்பம் தரிக்காமலிருக்கக் கருப்பையில் வைக்கும் காப்பர் டி ஒன்றைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். "இத்தனூண்டுதானா அக்கா?" என்பார்கள். பாதிப் பயம் அங்கேயே போய்விடும். அப்புறம்தான் விவரம்: 380ஏ வகை பத்து வருஷம் தாங்கும், வேண்டாம் என்றால் எப்போதும் எடுத்துவிடலாம். அந்தரா என்ற கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எல்லாமே இலவசம். மாதவிலக்கு மாறலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் அடுத்த தெருவுக்கே வதந்தியாகப் போகும்.

ஆண்களை விட்டுவிடாதீர்கள், இதில் எனக்குத் தீராத ஆதங்கம் உண்டு. கத்தியில்லாத வாசக்டமி, அதாவது ஆண்களுக்கான கருத்தடைச் சிகிச்சை, சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்குப் போகலாம். ஆனால் மூன்று மாதம் வரை வேறு பாதுகாப்பு வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை. இதை டீக்கடையில் சொல்ல, செய்துகொண்ட ஒருவரையே சம்மதம் கேட்டு அழைத்துப் போங்கள்.