வாசகர் கேள்வி பதில்: பாட்டை முதல்ல புள்ளைங்க வாசிக்கட்டும்

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில பத்தாம் வகுப்புக்கு தமிழ் படிப்பிக்கிறேன். புறநானூற்றுல பாரி மகளிர் பாடின 'அற்றைத் திங்கள்' பாட்டுக்கு பொருள், திணை, துறை, பாரி கதை எல்லாம் போர்டுல எழுதிப் போட்டேன். நயம் எழுத சொன்னா எல்லாரும் ஒரே பந்திய தாராங்க, "சொல்நயமும் பொருள்நயமும் மிக்க பாடல்"னு. சொந்தமா யோசிக்க இவங்களுக்கு வராதா?

பதில்: வரும் டீச்சர், நல்லாவே வரும். ஆனா பொருளையும் கதையையும் நீங்களே முதல்ல எழுதிப் போட்டுட்டா புள்ளைங்க தேடிக் கண்டுபிடிக்க அதுல என்ன மிச்சம் இருக்கு, போர்டுல இருக்கறத தான் திருப்பி எழுதுவாங்க. அஞ்சே வரிப் பாட்டு. இங்கயே போடறேன்:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

அடுத்த முறை ஒன்னும் சொல்லாம இத ரெண்டு தரம் சத்தமா, மெதுவா வாசிங்க. அற்றைன்னா அன்னைக்கு, இற்றைன்னா இன்னைக்கு, திங்கள்னா மாசம், எந்தைன்னா எங்கப்பா, எறி முரசுன்னா அடிக்கிற முரசு, அவ்வளவு மட்டும் சொல்லுங்க. பாரி பேரையே எடுக்காதீங்க. அப்புறம் ஒரே ஒரு கேள்வி, ஒரு மாசத்துல என்ன மாறிடுச்சு, என்ன மாறல? நிலா மாறலன்னு யாராவது ஒரு புள்ள கண்டிப்பா சொல்லும். "எந்த வரிய வச்சு சொல்ற?"ன்னு கேளுங்க, சரியா சொன்னாலும் கேளுங்க, தப்பா சொன்னாலும் கேளுங்க, பாட்டை வாசிக்க பழக்குறதுல பாதி வேலை அந்த ஒரு கேள்வியிலயே முடிஞ்சிடும்.

அடுத்தது, முதல் பாதியில அப்பா முன்னால வாராரா குன்று முன்னால வருதா? அப்பா தான். ரெண்டாவது பாதியில? குன்று போனத முதல்ல சொல்லிட்டு அப்பா இல்லைங்கறத கடைசிக்கு வச்சிருக்காங்க, 'இலமே'னு அதோட பாட்டு முடிஞ்சே போச்சு. இத நீங்க சொல்லாதீங்க டீச்சர், வரிக்கு கீழ கோடு போட சொல்லுங்க, அவங்களே பார்ப்பாங்க. அதுக்கப்புறம், அழுகை, கண்ணீர், துக்கம்னு ஒரு சொல்லாவது இருக்கான்னு தேட விடுங்க. இல்லவே இல்ல. அப்படின்னா கேக்கற நமக்கு நெஞ்சு கனக்குதே, அது எங்கருந்து வருது? இந்த இடத்துல வகுப்பு கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், அவசரப்பட்டு நீங்க பதில் சொல்லிடாதீங்க.

கதை இதுக்கப்புறம் தான். பறம்பு மலை, அத ஆண்ட இவங்க அப்பா பாரி, முற்றுகை போட்ட மூவேந்தர் எல்லாத்தையும் இப்ப சொல்லுங்க. புறநானூறு 110-ல பாரியோட நண்பரான புலவர் கபிலர் அந்த மூணு பேரையும் பார்த்து, நீங்க மூணு பேரும் ஒன்னா சேர்ந்து வந்தாலும் பறம்ப எடுக்க ஏலாது, அதோட முந்நூறு ஊரையும் கேட்டு வந்தவங்க ஏற்கனவே வாங்கிட்டு போயிட்டாங்கன்னு சொல்றாரு. பாரிய போர்ல ஜெயிக்கல, சூழ்ச்சியால தான் கொன்னாங்கன்னு வழிவழியா சொல்றாங்க. இத கேட்ட கையோட நாலாவது வரிக்கு திரும்பி போங்க, "வென்றெறி முரசின் வேந்தர்". இவங்களா வென்றவங்க? முதல் தரம் சும்மா ஒரு அடைமொழியா போன சொல்லு இப்ப சுடும். கதைய முன்னாலயே சொல்லியிருந்தா இந்த திருப்பம் புள்ளைங்களுக்கு கிடைச்சிருக்காது.

நம்ம புள்ளைங்ககிட்ட இன்னொன்னும் நடக்கும். அம்மா தினம் மலைக்கு போய் கொழுந்து எடுக்கறாங்க, நாலு தலைமுறையா குடும்பம் தோட்டத்து வரிசை வீடான அதே லயத்துல இருக்கு, காணி மட்டும் அவங்க பேர்ல இல்ல. "இந்த மலையும் நம்மளோடது இல்ல தானே டீச்சர்"னு ஒருத்தர் கேக்கலாம். பாடத்துக்கு வெளியன்னு அத வெட்டாதீங்க, பேச விடுங்க, பேசி முடிச்சதும் பாரி மகளிர் நிலைமைக்கும் நம்ம நிலைமைக்கும் எங்க ஒத்துப்போகுது எங்க வேறயாகுதுன்னு கேளுங்க. அவங்களுக்கு இருந்து பறிபோச்சு, நமக்கு எழுதித் தரவே இல்லங்கற வித்தியாசத்த ஒரு பொடியன் கண்டுபிடிச்சிட்டான்னா அதுக்கு மேல என்ன நயம் வேணும்!

ஆனா ஒன்னு. அப்பா இல்லாத புள்ள வகுப்புல இருக்கலாம். 2014 அக்டோபர் 29 மீரியபெத்தையில மலை சரிஞ்சு வீடும் சொந்தமும் சேர்த்து போனத பார்த்த மலையகம் நம்மளோடது. "உங்கப்பா இல்லாம போனா எப்படி இருக்கும்"னு தயவுசெஞ்சு யாரையும் கேட்டுடாதீங்க. பாட்டுல இருக்கற அந்த புள்ளைங்கள பத்தி கேட்டா போதும், சொல்ல விருப்பம் உள்ளவங்க தானா சொல்லுவாங்க.

பரீட்சைக்கு பொதுவியல் திணை, கையறுநிலை (இழந்தவங்கள நினைச்சு செய்வதறியாம வருந்தறது) துறைன்னு எழுதத்தான் வேணும், அத கடைசியில சொல்லிக் கொடுங்க. உணர்ந்ததுக்கு ஒரு பேர் கிடைக்கும்போது மனசுல நிக்கும். எழுதும்போது "நான் கண்டது இது, அத காட்டுற சொல் இது"ன்னு ரெண்டே வசனத்துல ஆரம்பிக்க சொல்லுங்க. அந்த ரெண்டு வசனம் ஒருத்தருக்கொருத்தர் வேற மாதிரி தான் வரும்.

கேள்வி: நான் பதுளையில ஏ.எல். தமிழ் படிக்கிறேன். சங்கப் பாட்டை பதம் பிரிச்சு வாசிக்கறதா, புத்தகத்துல இருக்கற மாதிரியேவா?

பதில்: பொருள் பிடிபட பிரிச்சு வாசிங்க தம்பி, தப்பில்ல. ஆனா அங்கயே நின்னுடாதீங்க, அடி உடையற இடத்த பார்த்து மூலத்தையும் வாசிங்க. மேல போட்ட பாட்டுலயே பாருங்க, 'வேந்தர்எம்' அப்படின்னு நாலாவது அடி முடியுது, 'குன்றும்' அடுத்த அடிக்கு போயிடுது. 'எம்' வேந்தர் பக்கத்துல மாட்டிக்கிச்சு, குன்று தனியா பிரிஞ்சு போச்சு. பதம் பிரிச்சு உரைநடையா எழுதிட்டா இது கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேக்காது.

கேள்வி: குறுந்தொகை மூணாம் பாட்டுல வர்ற குறிஞ்சிப் பூவ நுவரெலியா புள்ளைங்களுக்கு எப்படி காட்டறது?

பதில்: ஹோர்ட்டன் சமவெளியில நெலுன்னு சொல்ற செடி இருக்கு, அதுவும் குறிஞ்சியும் ஒரே பேரினம், ஏறக்குறைய பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்கா தான் கூட்டமா பூக்கும். பூ இல்லாத வருஷம்னா படத்த காட்டுங்க. ஆனா படத்தோட நிறுத்தாம ஒன்னு கேளுங்க, நிலத்த விட பெருசு, வானத்த விட உசரம், கடல விட ஆழம்னு தலைவனோட உள்ள நட்ப அளந்துட்டு வந்த தலைவி சட்டுனு பூவுல தேன் எடுக்கற வண்டுகிட்ட ஏன் வந்து நிக்கிறா? அவ்வளவு பெரிய நட்ப சொல்ல எதுக்கு இவ்வளவு சின்ன உயிர்? ஒரு பாடவேளை முழுக்க இதுலயே போனாலும் போகட்டும்.