ஃப்ரேம்வொர்க் லேப்டாப்ல கிளாஸி ஸ்கிரீன் எடுக்கலாமா, மேட் எடுக்கலாமா?

ஃப்ரேம்வொர்க் 13, அதாவது பாகங்கள நாமளே கழட்டி மாத்திக்கற மாதிரி செஞ்ச லேப்டாப், வாங்கப்போறேன்னு சொல்றீங்க, நீங்களும் இங்க பெங்களூருல வாடகை வீட்ல உக்காந்து வேலை பாக்குறவர்தான்னு வச்சுக்கிட்டு சொல்றேன். மேட் எடுங்க, கண்ணாடி மாதிரி பளபளக்குற கிளாஸி வேணாம்.

என்கிட்ட இருக்கறது 2021ல வந்த முதல் மாடல். அப்போ கிளாஸி மட்டும்தான், மேட் 2023லதான் வந்துச்சு. எங்க வீடு அல்சூர்ல, டேபிள் போட ஒரே இடம், முதுகுக்குப் பின்னாடி மேற்குப் பாத்த ஜன்னல். நான் புரோகிராம் கோடு எழுதுறது டார்க் தீம்ல, அதாவது கறுப்புப் பின்னணில வெளிர் எழுத்து, மூணு மணி ஆச்சுன்னா ஜன்னல் கம்பி, எதிர் மாடில காயுற துணி, என் சட்டை பட்டன் வரைக்கும் ஸ்கிரீன்ல தெளிவா தெரியும், நடுவுல எழுத்தத் தேடித் தேடிப் படிக்கணும். பிரைட்னெஸ்ஸ ஃபுல்லா வச்சா பேட்டரி இறங்கிடும், சாயங்காலம் தலைவலி வேற.

ஸ்கிரீன் போட்டா போதுமேன்னு யாராவது சொல்வீங்க. ஸ்கிரீன்னா ஜன்னல் ஸ்கிரீன். கம்பி மாட்ட செவுத்துல ஓட்டை போடணும், ஓனர் ஒரு ஆணி அடிக்க விடமாட்டார். பத்து மாச அட்வான்ஸ் வாங்கி வச்சுக்கிட்டு, காலி பண்ணும்போது பெயின்டிங்னு ஒரு மாச வாடகைய அப்படியே பிடிச்சுக்குறாங்க, போன வீட்ல ஒரு கீறல்கூட இல்லாம ஒப்படைச்சும் பிடிச்சாங்க. கேட்டா அக்ரிமென்ட்ல இருக்குன்னு ஒரே பதில். உழைச்ச காசுங்க அது, இன்னிக்கும் நெனச்சா வயிறு எரியுது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அக்கா அமெரிக்காவுல இருந்து வரும்போது மேட் பேனல் வாங்கிட்டு வந்தாங்க. நானே மாத்துனேன். ஸ்க்ரூடிரைவர் லேப்டாப்கூடவே வந்தது. அடியில இருக்குற அஞ்சு ஸ்க்ரூவ லூஸ் பண்ணி, கீபோர்டு பக்கத்தத் தூக்கி, மொதல்ல பேட்டரி கனெக்டர எடுத்துடணும். ஸ்கிரீனச் சுத்தி இருக்குற ஃப்ரேம், பெசல்னு சொல்வாங்க, காந்தத்துலதான் நிக்குது, நகத்தால நெம்புனாலே வந்துடும். டிஸ்பிளே கேபிள்லதான் பொறுமை வேணும், அம்மா டார்ச் பிடிச்சுக்கிட்டாங்க. ஆன் பண்ணி படம் வந்தப்போ எனக்கு அவ்ளோ சந்தோஷம், பெருமையாவே சொல்லிக்குறேன்.

போட்டோ எடிட் பண்றவங்க சண்டைக்கு வருவீங்க, தெரியும். மேட்டோட மேல்பரப்பு சொரசொரப்பு, விழுற வெளிச்சத்த நாலா பக்கமும் சிதறடிச்சிடும், அதனால பின்னாடி இருக்குறது உருவமா தெரியாது, ஆனா அதே சிதறல்ல கறுப்பு கொஞ்சம் வெளுத்துப் போகும். வெள்ளைப் பக்கத்துல பொடி மணல் தூவுன மாதிரி லேசா மினுங்கும். நைட்டு லைட்ட அணைச்சிட்டு படம் பாக்குறதுதான் உங்க வேலைன்னா கிளாஸி நல்லாவே இருக்கும், நான் இல்லேன்னு சொல்லல. பகல்ல வேலை பாக்குறவங்களுக்குத்தான் சொல்றேன்.

காசு இருந்தா 2024ல வந்த 2880க்கு 1920 பிக்சல் பேனல் எடுங்க, அதுவும் மேட்தான், 120 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 120 தடவ படம் புதுசாகும்), வெளிச்சம் 500 நிட்ஸ். வேற கம்பெனிக்காக வடிவமைச்ச பேனல்ங்கறதால ஸ்கிரீனோட மூலை மட்டும் கூரா இல்லாம ரவுண்டா இருக்கும். அது கண்ண உறுத்தும்னா 2256க்கு 1504 மேட் போதும், 60 ஹெர்ட்ஸ்தான், கோடு எழுத அதுல ஒரு குறையும் இல்ல.